குட்டைக்குக் கட்டின உருமால்

தம்பி, உங்க பையைச் சித்தெ அக்கட்டால, அந்தப் பக்கமா வெச்சுக்குங்க. அந்த மஞ்சப்பை மேல சாய்க்க வேண்டாமுங்க, உள்ள பாட்டில் இருக்குது. இல்லீங்க, நீங்க நெனைக்கிற பாட்டில் இல்ல. நான் அதெல்லாம் தொடறதில்லீங்க. தண்ணிதான். ஆனா குடிக்கிற தண்ணி இல்லீங்க. அதாவது, குடிக்கிற தண்ணிதான். அதைக் குடிக்கத்தானே நான் ஈரோட்டுக்கே போறேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? சொல்றனுங்க. கலெக்டர் ஆபீஸ்ல இன்னிக்கு விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். அங்க எல்லாத்துக்கும் முன்னால மைக்கைப் புடிச்சு, என்ற பேரைச் சொல்லி, இந்தப் பாட்டிலைத் தூக்கிக் கடகடன்னு குடிச்சுக் காட்டப்போறேன். குடிச்சுப்போட்டு நட்டமா நிமுந்து நிப்பேன். அப்பத் தெரியும் பன்னியைக் கொன்னது ஆருன்னு.

ஆருங்களா? நாந்தானுங்க.

அட, எந்திரிக்காதீங்க. எங்கயும் எடமில்ல, கோபியிலயே பஸ்ஸு ரொம்பிப்போச்சு. நான் மனுசனை ஒண்ணும் பண்ணமாட்டேன். பன்னியைத்தான் சொல்றேன், காட்டுப்பன்னி. அதைக் கொன்னது நாந்தான்னு ஒரு மனுசன் தொண்டை கிழியக் கத்தறான். நீ இல்லவே இல்லைங்கறாங்க. இந்த அநியாயத்தை எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? திருடுனவன் திருடலைம்பான், போலீசு நீதான் திருடுனேங்கும். அதுதானே ஒலகம்? எனக்கு மட்டும் எல்லாம் தலைகீழாப் போச்சு.

என்ற பேரு சென்னியப்பனுங்க. மலையடிவாரத்துல காட்டை ஒட்டித் தோட்டம். எங்கூர்ல என்னைப் பத்தி ஒரு பேச்சு உண்டு. கோழி அறுக்கச் சொன்னா சென்னியப்பன் ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போயிக் கண்ணை மூடிக்குவான்னு. அது பொய்யிங்க. நான் கண்ணை மூடறதில்ல. திரும்பி நின்னுக்குவேன். ரெண்டும் வேற வேற. ஆனா ஊர்ல ஆரு இதையெல்லாம் பிரிச்சுப் பாக்கறாங்க? டீக்கடைக்குப் போனா, "வாப்பா, கோழிக்கு மாமா வந்துட்டாரு"ம்பானுக. எல்லாத்துக்கும் தலைவரு அத்தப்பன். என்ற பெரியப்பன் மகன், பங்காளி. பக்கத்துத் தோட்டம். ஒரே வரப்பு. அவன் என்னைப் பாத்துச் சிரிக்காத நாளை நான் பாத்ததில்ல.

சரி, பன்னிக்கு வர்றேன். மக்காச்சோளம் போட்டிருந்தேன். கதிரு பால் புடிக்கறப்பத்தான் அதுகளுக்கு வாசம் போகுமுங்க. கூட்டமா வந்து உருண்டு பொரண்டு, பாதியைத் திங்கும், மீதியைப் படுக்க வெச்சுட்டுப் போகும். மனசு ஆறாதுங்க. பெத்த புள்ளையை அடிச்சாப்பல இருக்கும். என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். சலூன்ல இருந்து மூட்டையில மயிரு வாங்கியாந்து வரப்பெல்லாம் தூவுனேன். மனுச வாசம் அடிச்சாப் பன்னி வராதுன்னாங்க. எங்கூர் ஆளுக தலைமயிருக்குப் பன்னி எங்கீங்க பயப்படும்? எங்கூர் ஆளுகளுக்கே பயப்படாது.

அப்புறம் சேலை. வேலி சுத்தியும் பழைய சேலை கட்டுனாக் கலரைப் பாத்து மெரண்டு போகுமுங்க. எங்க பக்கம் எல்லாக் காட்லயும் கட்டியிருப்பாங்க, நீங்க பாத்திருப்பீங்க. ஊட்டுல இருந்த பழசெல்லாம் கட்டுனேன். ஒரு மூலைக்குப் பத்தல. பீரோவுல அடியில ஒண்ணு மடிச்சு வெச்சிருந்துச்சு, செவப்புல மஞ்சக் கரை. செவப்புன்னாப் பன்னிக்குக் கண்ணு கூசுமேன்னு எடுத்துக் கட்டிப்போட்டேன். அது என்ற ஊட்டுக்காரியோட கல்யாணக் கூறைச்சேலையாமுங்க. எனக்கெப்படித் தெரியும்? அன்னைக்கு நான் பொண்ணைப் பாத்தனா, சேலையைப் பாத்தனா?

மறுநா காத்தால பாத்தா அந்த மூலையில மட்டும் வேலியே இல்ல. கூறைச்சேலை தாறுமாறாக் கிழிஞ்சு கெடக்குது. மயிலாத்தா, அதான் என்ற ஊட்டுக்காரி, வந்து நின்னு பாத்தா. ஒண்ணுஞ் சொல்லல. அவ எதுக்கும் ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க. அன்னைக்கிருந்து சோத்துல உப்பு கொறைஞ்சுபோச்சு. கேட்டா, உங்களுக்குப் பிரசரு இருக்குதுன்னு நர்சம்மா சொல்லுச்சுங்கறா. பிரசரு எனக்கு வருசக்கணக்கா இருக்குதுங்க. உப்பு கொறைஞ்சது சேலைக்கப்புறந்தான். சாம்பாரு, ரசம், தயிர்சோறு, ஒண்ணுத்துலயும் கெடையாது. ஊறுகாயைத் தண்ணியில அலசிப் போடுவா. அவ்வளவு வைராக்கியம்.

என்ன கேட்டீங்க? பாட்டில்ல என்ன தண்ணின்னா? அங்கதான் வர்றேன்.

என்ற தோட்டத்துல ஒரு பண்ணைக்குட்டை இருக்குதுங்க. மழைத்தண்ணி நிக்கறதுக்கு வெட்டுனது. சும்மா கெடக்குதேன்னு ஜிலேபி மீன் வாங்கி உட்டேன். மீனுக்குத் தீனி வேணுமில்லீங்களா? பக்கத்துக் கோழிப்பண்ணையில எருவு மலையாட்டம் கெடந்துச்சு. வண்டி வண்டியாக் கொண்டாந்து குட்டையில கொட்டுனேன். அத்தப்பன் அவனோட குட்டைக்கு ஒரு கூடை கொட்டுனான்னா, நான் ஒரு வண்டி கொட்டுவேன். சோளத்துக்குப் போட்ட யூரியாவும் கோடை மழையில வழிஞ்சு அதுலதான் போயிச் சேந்துச்சு. எங்கயும் வீணாகலீங்க.

சித்திரை பொறந்து வெயில் ஏறுச்சு பாருங்க, தண்ணி பச்சையாச்சு. பச்சைன்னாப் பச்சை, பெயிண்டு டப்பாவைக் கவுத்தாப்பல. மேல ஒரு ஆடை கட்டியிருக்கும். வர்றவன் போறவனை எல்லாம் கூட்டியாந்து காட்டுனேன். பயிரு பச்சையா இருந்தாச் சந்தோசப்படறோம், இல்லீங்களா? தண்ணி பச்சையா இருந்தா மட்டும் எப்படீங்க தப்பாகும்? சத்துங்க அது. சத்து எச்சாயிப் போச்சு, அவ்வளவுதான். மீனெல்லாம் ஒரு நா வயித்தைக் காட்டிட்டு மெதந்துச்சு. அது அத்தப்பன் கண்ணு. அவன் கண்ணு பட்டாக் கல்லே வெடிக்கும்.

அந்த வெயில்ல காட்டுக்குள்ள பள்ளமெல்லாம் வறண்டுபோச்சுங்க. பன்னி, மானு, மயிலு எல்லாம் தண்ணிக்கு என்ற குட்டைக்குத்தான் வரும். ஒரு நாக் காத்தால மோட்டாருப் போடப் போறேன், கெழக்காலக் கரையோரமாக் கருப்பு கருப்பாக் கெடக்குது. எரு மூட்டைன்னு நெனைச்சேன். கிட்டப் போனாப் பன்னிங்க. ஒரு கூட்டமே. தண்ணி ஓரத்துலயே விழுந்து கெடக்குதுக. அதுல ஒரு பெரிய ஆண்பன்னி. அதோட கழுத்துல மஞ்சக் கரைத்துணி சுத்தியிருக்குது. என்ற ஊட்டுக்காரியோட கூறைச்சேலை. மாப்பிள்ளையாட்டம் படுத்திருக்குதுங்க.

கூட ஒரு குட்டியும் கெடந்துச்சு. கோடு கோடா, சின்னது. நான் ஒரு துணி எடுத்து மூடுனேன். ஈ மொய்க்குதுன்னுதானுங்க, வேறொண்ணுமில்ல.

அப்பத்தான் அத்தப்பன் வரப்பு மேல வந்து நிக்கறான். அவன் வாய் தொறந்தது தொறந்தபடி நிக்குது. எங்க ரெண்டு பேரு ஆயுசுலயும் அவன் என்னைப் பாத்துச் சிரிக்காம நின்னது அன்னைக்குத்தான்.

"ஏன்டா சென்னியப்பா, மருந்து வெச்சியா?"ன்னான்.

மேல்துண்டை ஒதறித் தோள்ல போட்டேன். அவ்வளவுதான். வெச்சேன்னு சொன்னனா? இல்ல. வெக்கலைன்னு சொன்னனா? அதுவுமில்ல. துண்டை ஒதறுனது ஒரு குத்தமா?

சாயங்காலத்துக்குள்ள ஊரே வந்து பாத்துச்சு. டீக்கடையில எனக்கு எடம் உட்டு எந்திரிச்சானுக. "அண்ணா, உக்காருங்ணா"ன்னானுக. கோழிக்கு மாமான்னு சொன்ன அதே வாயி. எந்த மருந்து, எப்படி வெச்சீங்கன்னு ஆளாளுக்குக் காதுல கேட்டானுக. நான் சொன்னேன், "மூணு சாமான். ரெண்டை வெளிய சொல்லலாம். மூணாவதைச் சொன்னாப் பலிக்காது." அந்த ரெண்டு என்னன்னு ஒருத்தனும் கேக்கலீங்க. எல்லாத்துக்கும் அந்த மூணாவதுதான் வேணும். எனக்கும் அது சவுகரியமாப் போச்சு.

பொய்யின்னு நெனைக்கிறீங்களா? பொய் இல்லீங்க. அந்தப் பன்னிக சாகோணும்னு எத்தனை நாளு நெனைச்சிருப்பேன்! மனசாரத் திட்டியிருக்கேன். என்ற தோட்டம், என்ற குட்டை, என்ற திட்டு. அப்ப கொன்னது ஆரு? நீங்களே சொல்லுங்க.

அந்த நேரம் பாத்து மாரியம்மன் நோம்பி, அதான் திருவிழா, வந்துச்சு. எங்கூர் நோம்பியில, ஊருக்கு நல்லது பண்ணுனவனைச் சபையில உக்கார வெச்சு உருமால் கட்டுவாங்க. பட்டுத்துணி, சரிகை போட்டது. தலையில சுத்திக் கட்டி, மேளம் அடிச்சு, ஊட்டு வரைக்கும் கூட்டியாந்து உடுவாங்க. அத்தப்பனோட அப்பனுக்குக் கட்டியிருக்குது. அத்தப்பனுக்கே ஒருக்காக் கட்டியிருக்குது. எங்க அப்பனுக்குக் கட்டுனதில்ல. எங்கப்பன் சாகற வரைக்கும் நோம்பியன்னைக்குத் தலையை நல்லா வாரிட்டுப் போயி முன்னால உக்காருவாரு. கூப்புடவே மாட்டாங்க. இந்த வருசம் சென்னியப்பனுக்குன்னு ஊரே முடிவு பண்ணுச்சு தம்பி. எனக்குச் சோறே எறங்கல. உப்பில்லாததாலன்னு மயிலாத்தா நெனைச்சுக்கிட்டா.

அதோட உட்டிருந்தாத் தேவலை. எளவட்டப் பசங்க பஸ் ஸ்டாப்புல ஃபிளெக்ஸ் வெச்சுட்டானுக. பாதி ரோட்டை மறைக்குது. "மக்காச்சோளம் காத்த மாவீரனே"ன்னு எழுதி, என்ற படம். எனக்கு இல்லாத மீசையை வெச்சு, கையில துப்பாக்கி குடுத்து, காலடியில ஒரு புலியைப் படுக்கப் போட்டுட்டானுக. ஏன்டா புலின்னு கேட்டா, ஃபிளெக்ஸ் கடைக்காரன்கிட்டப் பன்னிப் படம் இல்லீங்களாமா. புலிதான் இருந்துச்சாம்.

ரெண்டு நாள்ல ரேஞ்சர் ஜீப்பு வந்துச்சு.

"புலி எங்கய்யா?"ன்னு எறங்கும்போதே கேட்டாரு.

"புலி இல்லீங்க, பன்னி"ன்னேன்.

"ஃபிளெக்ஸ்ல புலி இருக்குது?"

"அது அலங்காரத்துக்குங்க."

அவரு நம்பல. தோட்டத்தையே பொரட்டிப் போட்டாங்க. புலி கெடைக்கல. பன்னி கெடைச்சுது. கூடவே, அன்னைக்குன்னு பாத்து, குட்டை ஓரத்துல ஒரு புள்ளிமானும் செத்துக் கெடந்துச்சு. பொட்டை மானு. அது எப்படிச் செத்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. அது வெயிலு. பன்னி என்ற கணக்கு, மானு வெயில் கணக்கு. மானை நான் எதுக்குங்க கொல்லப்போறேன்? அது கண்ணைப் பாத்திருக்கீங்களா? அதை என்ற தலையில கட்டாதீங்கன்னு அன்னைக்கே சொல்லிப்போட்டேன்.

ரேஞ்சரு கூட ஒரு டாக்டரம்மா வந்திருந்துச்சு. காட்டு மிருகத்துக்குன்னே இருக்கிற டாக்டருங்க. தெக்கத்திப் பொண்ணு, ஹெப்சிபான்னு பேரு. அந்தப் பேரு என்ற வாயில நொழையாது, டாக்டரம்மான்னே கூப்புட்டேன். அது கையில உறையை மாட்டிக்கிட்டு, பன்னியையும் மானையும் அங்கயே அறுத்துப் பாத்துச்சு. நான் திரும்பி நின்னுக்கிட்டேன்.

பாத்துப்போட்டு என்ன சொல்லுச்சுங்கறீங்க? "ஐயா, இதுக வயித்துல மருந்தே இல்ல. கல்லீரல் வீங்கி ரத்தம் கட்டிக் கெடக்கு. வாயப் பாருங்க, பூரா பச்சை. உங்க குட்டைத் தண்ணியிலதான் விஷம் இருக்கு. நீலப்பச்சைப் பாசின்னு ஒண்ணு. எருவும் உரமும் அளவுக்கு மீறிச் சேந்து, வெயிலும் அடிச்சா அது பெருகிரும். சில சமயம் விஷமாவும் ஆயிரும். காத்து அதைக் கரையோரமா ஒதுக்கிரும். அந்த எடத்துல குடிக்கிற மிருகம் ரொம்ப தூரம் போகாது."

பாசியாமுங்க! பாசின்னா என்னங்க? கால் வெச்சா வழுக்கும். அதானே அதோட வேலை? வழுக்கி உழுந்து பன்னி செத்துதுன்னாக்கூட ஒத்துக்கலாம்.

ரேஞ்சருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அவரு என்னைத் தனியாக் கூப்புட்டு, "பெரியவரே, மருந்து வெச்சியா இல்லையா? உண்மையைச் சொல்லு"ன்னாரு. சுத்தியும் ஊரு நிக்குது. அத்தப்பன் முன்வரிசையில நிக்கறான். நான் நெஞ்சை நிமித்தி, "நாந்தான் வெச்சேன்"ன்னேன். ரேஞ்சரு மூஞ்சி பூத்துப்போச்சு. அவருக்குக் கேசு வேணும், எனக்குப் பேரு வேணும். எங்க ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போச்சுங்க. நடுவுல இந்தப் பொண்ணு.

"ஐயா, எதுக்கு இல்லாததைச் சொல்லுதீங்க? கேசுன்னா ஜெயிலு"ன்னுச்சு.

"இருக்கட்டும்"ன்னேன்.

"அப்ப என்ன மருந்து வெச்சீங்க, சொல்லுங்க."

"மூணு சாமான். ரெண்டைச் சொல்லலாம்."

"சரி, அந்த ரெண்டைச் சொல்லுங்க."

அப்பத்தான் தம்பி எனக்கு ஒறைச்சுது, அந்த ரெண்டை நான் யோசிச்சே வெக்கல. எல்லாரும் மூணாவதைக் கேப்பாங்கன்னே இருந்துட்டேன். வாயில வந்ததைச் சொன்னேன். "மஞ்சளும் வெல்லமும்"னு. ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. அத்தப்பன், "அது பொங்கல் சாமான்டா"ன்னான். ரேஞ்சரு தலையில கை வெச்சுட்டாரு. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. குட்டைத் தண்ணியை ஒரு சீசாவுல மொண்டுக்கிட்டு, "இந்தப் பக்கம் ஆடு மாடு எதையும் விட்ராதீங்க, வேற தண்ணி வச்சுக் குடுங்க. எரு கொட்டுறதை மொதல்ல நிறுத்துங்க"ன்னு என்ற ஊட்டுக்காரிகிட்டச் சொல்லிட்டுப் போச்சு. எங்கிட்டச் சொல்லல பாருங்க. எங்கயோ பெரிய ஊருக்கு அனுப்பிப் பாத்தாங்களாமா. வெசந்தான்னு முடிவு வந்துருச்சு. நான் குத்தவாளி இல்லைன்னு ரேஞ்சரே எங்கூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. சாவு ஊட்டுக்கு வந்த மாதிரி வந்து உக்காந்துட்டுப் போனாரு, பாவம்.

ஃபிளெக்ஸைக் கிழிச்சுக் கோழிக்கூண்டுக்குப் போத்திட்டானுக. என்ற மீசை மூஞ்சி மேலதான் இப்பக் கோழி எச்சமிடுது. எனக்குப் பேரு கோழிக்கு மாமா போயி, பாசி சென்னியப்பன்னு ஆயிப்போச்சு. அதையும் பொறுத்துக்கிட்டேன். நோம்பியன்னைக்குத்தானுங்க பொறுக்க முடியல. சபையில அத்தப்பன் எந்திரிச்சு, "நாயம்னா நாயம். பன்னியைக் கொன்னது சென்னியப்பன் இல்ல, குட்டை. உருமாலைக் குட்டைக்குத்தான் கட்டோணும்"ன்னான். வெளையாட்டுக்குத்தான் சொல்றானுகன்னு பாத்தா, மேளத்தோட கெளம்பிட்டானுக தம்பி. என்ற தோட்டத்துக்குள்ள வந்து, குட்டைக்கரையில மோட்டாருக்கு நட்டு வெச்சிருக்கற கல்லுக்காலுக்கு உருமாலைச் சுத்திக் கட்டி, தேங்கா ஒடைச்சு, கும்பிடு போட்டுட்டுப் போனானுக.

நல்ல உருமாலுங்க. நல்ல சரிகை. வெயில்ல கல்லு மேல தகதகன்னு இருந்துச்சு. நான் சோளக்காட்டுக்குள்ள நின்னு பாத்தேன். எங்கப்பன் தலையை வாரிட்டு உக்காந்திருப்பாரே, அது நெனைப்புக்கு வந்துருச்சு. அழுதேனுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க பாதியில எறங்கிப் போயிருவீங்க.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். தண்ணியில வெசமாம்ல? அந்தத் தண்ணியை நானே குடிச்சுக் காட்டறேன். ஊர்ல இல்ல, கலெக்டரு முன்னால. குடிச்சும் கல்லாட்டம் நின்னேன்னா, தண்ணியில ஒண்ணுமில்லைன்னு ஆகும். தண்ணியில ஒண்ணுமில்லைன்னாக் கொன்னது நாந்தான்னு ஆகும். அப்ப அந்த உருமாலை அவிழ்க்கட்டும் கல்லுல இருந்து.

ஊட்டுக்காரி என்ன சொன்னாளா? அவ அந்த டாக்டரம்மா கட்சி. ஆட்டையெல்லாம் அக்கட்டாலக் கொண்டு போயிக் கட்டிட்டா. குட்டையைச் சுத்தி முள்ளு வெட்டிப் போட்டா. காட்டோரமா ஒரு சிமெண்டுத் தொட்டியைத் தள்ளிக் கொண்டு போயி வெச்சு, தெனமும் கெணத்துத் தண்ணி ரொப்பறா. மானுக்காமுங்க.

அந்தச் செத்துப்போன மானுக்கு ஒரு குட்டி இருக்குதுங்க. சாயங்காலம் பொழுதோட வரும். அம்மா விழுந்த எடத்துலயே வந்து நிக்கும். முள்ளுக்குள்ள ஒரு சந்து கண்டுபுடிச்சு வெச்சிருக்குது, நேராக் குட்டைக்குத்தான் போகும். நான் கரையில தடியோட உக்காந்திருப்பேன். தெனமுந்தானுங்க. அது கிட்ட வந்தா ஒரு சத்தம் போட்டு, தொட்டிப் பக்கம் தொரத்தி உட்டுருவேன். தொட்டியில குடிச்சு முடிக்கற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன்.

என்னங்க? தண்ணி நல்ல தண்ணின்னா ஏன் தொரத்தறேன்னா? மீனுக்குக் காவலுங்க. மீனுதான் செத்துப்போச்சேன்னா, மறுபடியும் உட்டாக் காவல் வேண்டாமா? அதில்லாம, வெயில்ல ஓடியாந்து குளுந்த தண்ணியைக் குடிச்சாச் சின்ன மானுக்குச் சளி புடிக்குமுங்க. தொட்டித் தண்ணி குளுராதான்னா? நீங்க என்ன தம்பி, வக்கீலுக்குப் படிச்சீங்களா? விடிஞ்சதுல இருந்து ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்ல முடியல. அந்த டாக்டரம்மாவும் இப்படித்தான், ஒண்ணு சொன்னா ஒம்பது கேக்கும்.

கவுந்தப்பாடி தாண்டிருச்சுங்களா? சரி, சரி. இருங்க, தண்ணியைக் காட்டறேன். நேத்துப் பொழுதோட நானே முள்ளை வெலக்கி, கெழக்கால ஓரத்துலயே, நல்லா ஆடை கட்டுன எடமாப் பாத்து மொண்டு வெச்சேன். மயிலாத்தா பொடக்காளியில நின்னு பாத்துட்டே இருந்தா. காத்தால பாட்டிலைத் தொடைச்சுப் பையில வெச்சுக் குடுத்ததும் அவதான். மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பிக்குங்க, மூடியைத் தொறந்தா நாத்தம் கொடலைப் பொரட்டும். பின்னால ஸீட்டுக்காரரு கோவிச்சுக்கப் போறாரு.

பாருங்க. அதே பச்சை.

நாத்தமே இல்லையேங்கறீங்களா? சும்மா இருங்க, எப்படி இல்லாமப் போகும்?

ஏனுங்க, இங்க மோந்து பாருங்க. எனக்குத்தான் மூக்கு அடைச்சுருச்சா? இது... சீரகமுங்க. மொளகும் தட்டிப் போட்டிருக்குது. அட, இது முருங்கைக்கீரைங்க! முருங்கைக்கீரையை அரைச்சு வடிகட்டி ஊத்தியிருக்கா. நெறத்தைப் பாருங்க, எப்படிச் சேத்தியிருக்கா பாருங்க! ஆடை மாதிரி மேல கொஞ்சம் பொடிச்ச தழை வேற.

இவளும் என்னை நம்பல பாத்தீங்களா தம்பி.

இருங்க, இருங்க. ஒரு நிமிசம் யோசிக்கறேன். இதைக் கலெக்டரு முன்னால குடிச்சா எனக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகலைன்னாத் தண்ணியில வெசம் இல்ல. வெசம் இல்லைன்னாக் கொன்னது நானு. ரேஞ்சரு அங்கயே ஜீப்புல ஏத்திருவாரு. இதே அசல் தண்ணியைக் குடிச்சிருந்தா, நான் குத்தவாளி இல்லைன்னு ரூசுவாயிருக்கும். அதைக் கேக்கறதுக்கு நான் இருந்திருக்கமாட்டேன்.

இருந்திருக்கமாட்டேன்னா சொன்னேன்? சொல்லலீங்க. சொன்னனா? சரி, உடுங்க.

அவ இதெல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கா. கம்முனு இருக்கறவ எல்லாத்தையும் யோசிப்பா. ஜெயிலுக்குப் போனவன் திரும்பி ஊட்டுக்கு வருவான்னு நெனைச்சிருக்கா.

வெடியால எப்ப எந்திரிச்சு அரைச்சாளோ. அம்மிச் சத்தமே கேக்கல. நான் நல்லாத் தூங்கியிருக்கேன். இருங்க, ஒரு மொடக்கு குடிச்சுப் பாக்கறேன்.

தம்பி.

உப்புங்க.

உப்பு போட்டிருக்கா தம்பி. சரியா இருக்குது. அந்தச் சேலை கிழிஞ்ச நாள்ல இருந்து இன்னிக்குத்தான் என்ற நாக்குல உப்பு படுது. நீங்க வேணா ஒரு மொடக்கு குடிச்சுப் பாருங்க. வேண்டாமா? நல்லதாப் போச்சு, நானே குடிச்சுக்கறேன். கண்ணுல தண்ணி வருதுங்களா? மொளகுங்க, தாராளமாப் போட்டிருக்கா.

கண்டக்டரு! சித்தோட்டுல ஆளு எறக்கம்!

கூட்டமா? குறைதீர்க்கற கூட்டத்துக்குக் குறை இருக்கறவன் போவான். எனக்கென்னங்க குறை? உருமாலு கல்லுலயே இருந்துட்டுப் போகட்டும், கல்லுக்குத்தான் வெயில் தாங்கும். நான் எதுத்தாப்புல நின்னு கோபி பஸ்ஸைப் புடிச்சுப் போறேன். இப்பப் போனாத்தான் பொழுதுக்குள்ள தோட்டம் போயிச் சேர முடியும். பையை எடுத்துக் குடுங்க. அந்த மானுக்குட்டி வந்துருமுங்க. நான் இல்லைன்னா நேராக் குட்டைத் தண்ணியில வாய் வெச்சுப்போடும். சளி புடிச்சுக்கும்.